சொறி, சிரங்கு, படைக்கு ஒரே களிம்பா?

நகரப் பேருந்தின் பின்புறத்திலும், சந்தைக்குச் செல்லும் வழியிலுள்ள சுவர்களிலும், இன்று கைப்பேசித் திரையிலும்கூட ஒரே மாதிரியான ஒரு விளம்பரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். "படை, சொறி, சிரங்கு, தேமல், சேற்றுப்புண் எல்லாவற்றுக்கும் ஒரே களிம்பு. மூன்றே நாளில் அரிப்பு நிற்கும்!" களிம்பின் பெயர் மாறும், வாசகம் பெரும்பாலும் மாறுவதில்லை.

கதைகளுக்கும் திரைப்படங்களுக்கும் விமரிசனம் எழுதுகிறோம். ஆனால் எத்தனையோ பேர் நாள்தோறும் படித்து, நம்பி, பணம் கொடுத்து, உடம்பிலும் பூசிக்கொள்ளும் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு யாரும் விமரிசனம் எழுதக் காணோம். அதைத்தான் இங்கே செய்யப்போகிறேன்.

நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். ஆயினும் ஒருவர் ஒரு முடிவைச் சொன்னால், எதை அளந்தீர்கள், எப்போது அளந்தீர்கள், அளந்த பொருளும் அறிய விரும்பிய பொருளும் ஒன்றுதானா என்று கேட்பது எங்கள் ஆய்வுக்கூடத்துப் பழக்கம். அந்தக் கேள்விகளை இந்த விளம்பரத்திடமும் கேட்கலாம் அன்றோ?

இதைக் கேட்க எனக்கு இன்னொரு உரிமையும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் இடுப்பில், வேட்டி கட்டும் இடத்தில், எட்டணா அளவில் வட்டமாகப் படை ஒன்று தோன்றியது. மருந்துக் கடையில் காட்டினேன். ஒரு களிம்பைக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அரிப்பு நின்றது, சிவப்பும் மறைந்தது. நானும் அந்தக் களிம்பைப் பலரிடம் புகழ்ந்தேன். இரண்டு வாரம் கழித்து படை திரும்பியது, இம்முறை உள்ளங்கை அளவில். மறுபடியும் களிம்பு, மறுபடியும் நிவாரணம், மறுபடியும் படை. நான்கு மாதத்தில் அது தொடைவரை பரவியது. என் மனைவிக்கும் மகனுக்கும்கூட வந்துவிட்டது. பிறகுதான் தோல் மருத்துவரிடம் சென்றேன். அவர் படையைப் பார்ப்பதற்கு முன் களிம்புக் குழாயைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஒரு குழாய்க்குள் நான்கு மருந்துகள் இருந்தன!

விளம்பரத்தின் முதல் வாக்கியம்

"எல்லாவற்றுக்கும் ஒரே களிம்பு" என்பதில் 'எல்லாம்' எவை என்று பார்ப்போம்.

நம் தோல் ஒரு கோட்டைச் சுவர் போன்றது. வளர்ந்த ஒருவரின் தோலைப் பிரித்து விரித்தால் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரும். அதன் வெளிப்புறத்தில் இறந்த செல்களாலான ஒரு மெல்லிய படலம் உள்ளது. உடலின் பெரும்பகுதியில் இதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கைத் தாண்டாது. கெரட்டின் என்னும் புரதம் நிறைந்த இப்படலம், உலர்ந்தும் சற்றே அமிலத்தன்மையோடும் இருந்து கிருமிகளைத் தடுக்கிறது. இச்சுவரைத் தாக்குவோர் ஒரே இனத்தார் அல்லர்.

முதலாவது பாக்டீரியா. பிள்ளைகளின் மூக்கருகிலும் கை கால்களிலும் தேன் நிறப் பொருக்கோடு வரும் சிரங்கு, மயிர்க்காலில் சீழ் கோத்து வரும் கட்டி ஆகியவை பெரும்பாலும் ஸ்டெபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியாவின் வேலை. சிரங்கில் ஸ்டிரெப்டோகாக்கஸ் என்னும் வேறோர் இனமும் சேர்ந்துகொள்ளும். 1880-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், சீழை உருப்பெருக்கியில் பார்த்து, அதில் கொத்துக் கொத்தாய்க் கிடந்த உருண்டைகளைக் கண்டார். திராட்சைக் குலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டே அவற்றுக்குப் பெயரிட்டார். இந்தப் பாக்டீரியா நம்மில் பலருடைய மூக்குத் துவாரத்தில் எந்தத் தொந்தரவும் செய்யாமல் குடியிருக்கிறது. சுவரில் ஒரு கீறல் விழும்போதுதான் அது உள்ளே நுழைகிறது. ஸ்டிரெப்டோகாக்கஸால் வரும் சிரங்கைச் சிறிய விஷயம் என்று தள்ளிவிடக் கூடாது. அது ஆறிச் சில வாரங்கள் கழித்துச் சில குழந்தைகளுக்குச் சிறுநீரக அழற்சி வருவதுண்டு. சிரங்கு வந்த பிள்ளைக்கு முகம் வீங்கினாலோ, சிறுநீர் குறைந்து காப்பி நிறத்தில் போனாலோ உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும்.

இரண்டாவது பூஞ்சை. படை, சேற்றுப்புண், நகச்சொத்தை ஆகியவற்றை உண்டாக்குவது ரொட்டியில் பூக்கும் பூஞ்சைக்குத் தூரத்து உறவான நுண்ணுயிர்கள். இவற்றின் உணவு கெரட்டின். ஆகவே தோலின் வெளிப்படலத்தையும் முடியையும் நகத்தையும் மட்டுமே இவை தின்கின்றன. ஓர் இடத்தில் விழுந்த பூஞ்சை எல்லாத் திசைகளிலும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் வளர்கிறது. அதனால் வட்டம் உண்டாகிறது. வளரும் விளிம்பில் உடல் அதை எதிர்ப்பதால் அங்கே சிவப்பும் செதிலும் தோன்றுகின்றன, நடுப்பகுதி ஆறிவிடுகிறது. இதுதான் படையின் வளைய வடிவத்துக்குக் காரணம். தேமல் வேறு. அதற்குக் காரணமான மலசீசியா என்னும் ஈஸ்ட் எல்லார் தோலிலும் இயல்பாகவே வாழ்கிறது. வியர்வையும் எண்ணெய்ப் பசையும் மிகும்போது அது பெருகி, தோலின் நிறமாக்கத்தைக் குலைக்கிறது. எனவே தேமல் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டிக்கொள்ளும் நோயன்று.

மூன்றாவது சிற்றுண்ணி. சொறி, சிரங்கு என்ற இரு சொற்களையும் ஊருக்கு ஊர் மாற்றி வழங்குகிறார்கள். விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் தோன்றி, இரவில் தூங்கவிடாமல் அரிக்கும் சொறியை இங்கே குறிப்பிடுகிறேன். அதற்குக் காரணம் அரை மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத, எட்டுக் கால்களையுடைய ஓர் உயிர். பெண் உண்ணி தோலின் மேற்படலத்தில் சுரங்கம் தோண்டி முட்டையிடுகிறது. 1687-ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் போனோமோவும், மருந்து தயாரிப்பவரான செஸ்டோனியும் அதை உருப்பெருக்கியில் பார்த்து வரைந்து, சொறிக்கு இதுவே காரணம் என்று எழுதினார்கள். ஒரு நோய்க்கு இன்ன நுண்ணுயிர் காரணம் என்று கண்ணால் கண்டு சொன்ன மிகப் பழைய சான்றுகளுள் இது ஒன்று. ஆனாலும் 'இரத்தக் கெடுதி'தான் காரணம் என்ற நம்பிக்கை ஐரோப்பாவில் அதன் பிறகும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

நான்காவது வைரஸ். மரு, பாலுண்ணி, அக்கி ஆகியவை மூன்று வெவ்வேறு வைரஸ்களால் வருபவை.

இப்போது விளம்பரத்துக்கு வருவோம். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து பூஞ்சையை ஒன்றும் செய்யாது, இரண்டின் செல் அமைப்பும் வேறு வேறு. பூஞ்சையைக் கொல்லும் களிம்பு சிற்றுண்ணியை ஒழிக்காது. இம்மூன்று மருந்துகளும் வைரஸிடம் செல்லா. 'எல்லாவற்றுக்கும்' என்ற சொல், ஒரே சாவியால் ஊரிலுள்ள பூட்டுகளையெல்லாம் திறக்கலாம் என்பதைப் போன்றது. இந்தக் குறையை மறைக்கத்தான் ஒரு குழாய்க்குள் பாக்டீரியா மருந்து, பூஞ்சை மருந்து என்று பலவற்றைக் கலக்கிறார்கள். நோய் இன்னதென்று தெரியாமலேயே ஏதாவதொன்று படட்டும் என்று எறியும் கல் அது. படாத கற்களும் எங்கோ போய் விழத்தானே வேண்டும்?

இரண்டாவது வாக்கியம்

"மூன்றே நாளில் அரிப்பு நிற்கும்." இதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். என் அனுபவத்தில் இது முழு உண்மை. அதில்தான் ஆபத்து இருக்கிறது.

இத்தகைய கலவைக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு சேர்க்கப்படுகிறது. 1952-ஆம் ஆண்டில் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலில் பூசிப் பயன் கண்டபோது தோல் மருத்துவத்தில் ஒரு புதிய காலம் பிறந்தது. கரப்பான் போன்ற, கிருமியால் வராத அழற்சிகளுக்கு அது அருமருந்து. நான் அந்த மருந்தைக் குறை கூறவில்லை. அது பூசப்படும் இடத்தைத்தான் குறை கூறுகிறேன்.

அரிப்பு, சிவப்பு, வீக்கம் ஆகியவை பூஞ்சை நேரடியாகச் செய்பவை அல்ல. பூஞ்சையை எதிர்த்து நம் உடல் நடத்தும் போரின் அடையாளங்கள் அவை. ஸ்டீராய்டு அந்தப் போரை நிறுத்துகிறது. போர் நின்றால் சத்தம் அடங்கும். பகைவன் ஓடிவிட்டான் என்று பொருளல்ல. எதிர்ப்பில்லாத நிலத்தில் அவன் வசதியாகப் பரவுகிறான். களிம்பை நிறுத்தியதும் போர் மறுபடி தொடங்குகிறது, முன்னைவிடப் பெரிய பரப்பில். அரிப்புத் தாங்காமல் நாம் மீண்டும் அதே களிம்பை வாங்குகிறோம். அந்த விளம்பரத்துக்கு நாமே வாழும் சாட்சியாகவும் ஆகிவிடுகிறோம்.

என் மாணவர்களுக்கு இப்படிச் சொல்வேன்: காய்ச்சல் குறைந்ததா என்று அறிய வெப்பமானியை நோயாளியின் நாக்கின் அடியில் வைக்காமல் மேசைமேல் உள்ள தண்ணீர்ச் செம்பில் வைத்துப் பார்ப்பதுபோல் இருக்கிறது இது. அளவீடு சரி, அளந்த பொருள் தவறு. மூன்று நாளில் அளக்கப்பட்டது அரிப்பு. அளந்திருக்க வேண்டியது பூஞ்சை. அதை அளக்க மூன்று நாள் போதாது. தோலின் மேற்படலம் முழுவதும் மாறிப் புதிதாக ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகும்.

இன்னொரு தீமையும் உண்டு. ஸ்டீராய்டு பட்ட படையில் அந்த வட்ட விளிம்பு மங்கிவிடுகிறது. மருத்துவரும் எளிதில் அடையாளம் காண முடியாத இந்த மாறுவேடப் படையை 1968-ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேய மருத்துவர்கள் விவரித்துப் பெயரும் இட்டுவிட்டார்கள். வீரியமிக்க ஸ்டீராய்டைத் தொடை இடுக்கு போன்ற மென்மையான இடங்களில் பல வாரம் பூசினால் தோல் மெலிந்து, நிரந்தரமான வரித் தழும்புகள் விழும். என் இடுப்பில் படை போய்விட்டது. அந்த வரிகள் போகவில்லை.

இது தனிமனிதர் துன்பத்தோடு நிற்பதில்லை. கடந்த சில ஆண்டுகளில் இந்தியா முழுவதும் எளிதில் ஆறாத படை பெருகியிருப்பதைத் தோல் மருத்துவர்கள் தொடர்ந்து எழுதிவருகிறார்கள். பூஞ்சையின் செல் சவ்வுக்கு வேண்டிய ஒரு பொருளை உருவாக்கும் நொதியை முடக்குவது டெர்பினாஃபின் என்ற மருந்து. அந்த நொதியின் அமைப்பில் சிறு மாற்றம் நேர்ந்த பூஞ்சைகள் அந்த மருந்துக்கு அசைந்து கொடுப்பதில்லை. அத்தகைய பூஞ்சை ஒன்றை இந்தியாவையும் நேபாளத்தையும் சேர்ந்த நோயாளிகளிடம் கண்ட ஜப்பானிய ஆய்வாளர்கள், 2020-ஆம் ஆண்டில் அதற்கு டிரைக்கோபைட்டான் இண்டோட்டினியே என்று பெயரிட்டார்கள். நம் நாட்டின் பெயர் ஓர் அறிவியல் பெயரில் இடம் பெற்றதற்கு நாம் மகிழ முடியவில்லை! ஸ்டீராய்டுக் களிம்புகளின் கண்மூடித்தனமான உபயோகம் இந்நிலைக்கு ஒரு முக்கியக் காரணம் என்பது மருத்துவர்களின் கருத்து. பல ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவரின் சீட்டுக்கே விற்கவேண்டும் என்று 2018-ஆம் ஆண்டில் மைய அரசு ஆணையிட்டது. சட்டம் இருக்கிறது. சீட்டு இல்லாமல் கேட்கும் நாமும் இருக்கிறோம்.

சொறியும் போர்வையும்

கலவைக் களிம்பு சொறிக்கும் நல்லது என்ற கூற்றை மறுக்க ஒரு சோதனையைச் சொல்லவேண்டும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டனில் சொறி பெருகியது. போர்வைகளாலும் உடைகளாலுமே அது பரவுகிறது என்று நம்பி, அவற்றை வெப்பத்தால் தூய்மை செய்யப் பெருமுயற்சி எடுத்தார்கள். கென்னத் மெல்லன்பி என்ற உயிரியலாளர், 1941-ஆம் ஆண்டில் ஷெஃபீல்டு நகரில் ஒரு சோதனை தொடங்கினார். போரில் ஆயுதம் ஏந்த மனச்சான்று இடம் தராத இளைஞர்கள் அதற்குத் தாமே முன்வந்தார்கள். சொறி பிடித்த படைவீரர்களின் உள்ளாடைகளைத் துவைக்காமல் அணிந்தார்கள். அவர்களுடைய போர்வைகளில் உறங்கினார்கள். சொறி தொற்றியவர்கள் மிகச் சிலரே! நோயாளியோடு நெருங்கிப் படுத்து உறங்கியபோதுதான் அது எளிதாகத் தொற்றியது. மேலும் முதன்முறை தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்கவே சுமார் ஒரு மாதம் ஆயிற்று.

இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வையுங்கள். அரிப்பில்லாதவரும் உண்ணியைச் சுமந்து திரியக்கூடும் என்பது இதன் பொருள். எங்கள் கல்லூரி விடுதியில் ஒரே அறையிலிருந்த அறுவரில் ஒருவனுக்கு மட்டும் மருந்து பூசினோம், சரியாயிற்று, மறுமாதம் திரும்பியது. மூன்று முறை இப்படி நடந்தபின், அறுவருக்கும் ஒரே இரவில், கழுத்து முதல் பாதம் வரை உண்ணியைக் கொல்லும் மருந்தைப் பூசச் செய்தார் மருத்துவர். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. அத்துடன் சொறி ஒழிந்தது. அரிக்கும் இடத்தில் மட்டும், அரிப்பவர் மட்டும், கலவைக் களிம்பைப் பூசினால் இது நடந்திருக்குமா?

அக்கி எழுதுதலும் இரத்த அழுக்கும்

விளம்பரக்காரர்களை மட்டும் விமரிசித்தால் நீதியாகாது. நம் வீட்டு நம்பிக்கைகளையும் பார்ப்போம்.

அக்கி வந்தால் குயவரிடம் சென்று காவி மண்ணால் எழுதிக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். எழுதியபின் அக்கி ஆறிவிடுகிறது, பார்த்தவர்கள் பலர். ஆனால் எழுதாவிட்டாலும் அது பெரும்பாலோருக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் ஆறிவிடும். சின்னம்மை போனபின்னும் அதன் வைரஸ் நரம்பு முடிச்சுகளில் உறங்கிக்கொண்டிருக்கும். முதுமையிலோ உடல் நலிந்தபோதோ விழித்து, ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வரும். அதனால்தான் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகத் தோன்றுகிறது. மண்ணின் குளிர்ச்சி எரிச்சலைத் தணிக்கலாம். குயவர் மேல் எனக்குக் கோபமில்லை; அவர் கலவைக் களிம்பு செய்த கெடுதலைச் செய்வதில்லை. இழப்பது நேரம். வைரஸ் மருந்து நல்ல பலன் தருவது கொப்புளம் தோன்றிய முதல் மூன்று நாட்களுக்குள். அக்கி கண்ணருகே வந்தால் பார்வைக்கே ஆபத்து. ஆறியபின்னும் மாதக்கணக்கில் நீடிக்கும் நரம்பு வலி முதியோரை வாட்டிவிடும்.

'இரத்தத்தில் அழுக்கு' என்ற விளக்கமோ எதையும் விளக்காமல் எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறது. படை வந்தவன் பேதிக்குச் சாப்பிடுகிறான். அவனுடைய துண்டை வீட்டில் எல்லாரும் துடைத்துக்கொள்கிறார்கள். காரணம் உள்ளே இருப்பதாக நம்பினால் துண்டின் மேல் ஏன் சந்தேகம் வரப்போகிறது?

பாடம் எழுதும் நம் மீதும் குற்றமுண்டு. நோய் ஒரு பக்கம், காரணி மறுபக்கம் என்று அட்டவணை போட்டு, பொருத்துக என்று கேட்டு முடித்துவிடுகிறோம். படையின் ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'வளையப் புழு' என்று எழுதிய மாணவனை நான் அறிவேன். அவனுக்குப் படை இருந்தது. அதன் பெயர் படை என்று அவனுக்குத் தெரியவில்லை. பாடத்துக்கும் தோலுக்கும் நடுவே இப்படி ஒரு சுவரை எழுப்பியது யார்?

ஒரு விளக்கும் ஒரு சுரண்டலும்

நோயை நிச்சயிக்க வழிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தந்தவர் ஓர் இயற்பியலார் என்பதில் எனக்குப் பெருமை. அமெரிக்கரான ராபர்ட் வில்லியம்ஸ் உட், 1903-ஆம் ஆண்டில், கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்துப் புற ஊதாக் கதிர்களை மட்டும் விடும் ஒருவகைக் கண்ணாடியை உருவாக்கினார். 1925-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர்கள் அதைத் தலைப்படைக்குப் பயன்படுத்தினார்கள். இருட்டறையில் அவ்விளக்கின் கீழே சிலவகைப் பூஞ்சை பற்றிய முடி பச்சையாக ஒளிர்கிறது. தேமல் மஞ்சளாகத் தெரியும். அக்குளில் வரும் ஒருவகைப் பாக்டீரியாத் தொற்று பவளச் சிவப்பாக ஒளிரும். ஆனால் என் பெருமைக்கும் ஓர் எல்லை உண்டு. நம் நாட்டில் உடம்பில் வரும் படைக்குப் பெரும்பாலும் காரணமான டிரைக்கோபைட்டான் இனங்கள் இவ்விளக்கில் ஒளிர்வதில்லை. ஒளிரவில்லை என்பதால் படையில்லை என்று சொல்ல முடியாது.

அதற்கு எளிய சோதனை வேறு. படையின் விளிம்பைச் சுரண்டி, வரும் செதிலில் ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை விட்டு உருப்பெருக்கியில் பார்ப்பது. செல்கள் கரைந்து தெளிய, பூஞ்சை இழைகள் நூல்போலத் தெரியும். என் செதிலை மருத்துவர் எனக்கும் காட்டினார். நான்கு மாதம் என்னோடு வாழ்ந்தவனை அன்றுதான் முதன்முதலாக நேரில் பார்த்தேன்.

வாசகர்களுக்கு

ஆகவே, நண்பர்களே, அந்த விளம்பரத்தை அடுத்த முறை பார்க்கும்போது சில கேள்விகளைக் கேளுங்கள். காரணி பாக்டீரியாவா, பூஞ்சையா, உண்ணியா, வைரஸா? குழாயின் மேல் பொடி எழுத்தில் உள்ள பெயர்கள் எவை? '-சோன்', '-சோல்' என்று முடியும் பெயர்களில் ஸ்டீராய்டும் இருக்கலாம், பூஞ்சை மருந்தும் இருக்கலாம். கிளோபெட்டசோல் ஸ்டீராய்டு; கிளோட்ரிமசோல் பூஞ்சை மருந்து. காதில் ஒன்றுபோல் ஒலிக்கும் இவ்விரண்டும் செய்வது நேர் எதிரான வேலை. தெரியாவிட்டால் மருத்துவரைக் கேளுங்கள். படைக்கு அவர் தந்த மருந்தை, தோல் தெளிந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள். துண்டையும் உள்ளாடையையும் பகிராதீர்கள்; துவைத்து வெயிலில் நன்றாக உலர்த்துங்கள்.

இறுதியாக ஒன்று. வெளிறிய எல்லாத் திட்டும் தேமல் அன்று. திட்டின் மேல் பஞ்சால் தொட்டுப் பாருங்கள். தொடுவது தெரியவில்லை என்றால் களிம்பு எதுவும் வாங்க வேண்டாம். நேராக அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உணர்ச்சியற்ற திட்டு தொழுநோயின் அடையாளமாக இருக்கலாம். அதற்கான கூட்டு மருந்து அங்கே இலவசமாகக் கிடைக்கிறது. காலத்தில் தொடங்கினால் ஊனமின்றி முழுமையாகக் குணமாகும். அந்தத் திட்டு அரிக்காது. அரிப்பை மட்டுமே அளக்கும் விளம்பரத்துக்கு அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இருக்காது.